கையால் சுழன்ற நட்டு

விராலிமலையைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் காலை ஏழு மணிக்கு வண்டிகள் குறைவாகவே இருந்தன. பின்னிருக்கையில் அம்மா கண்ணயர்ந்திருந்தார். அப்போது ஸ்டீயரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்தது. முந்தின நாள் மாலைதான் நான்கு சக்கரங்களுக்கும் புது அலாயும் (அலுமினியக் கலவை ரிம்) புது டயரும் போட்டிருந்தேன் என்பதால், பேலன்சிங்கைச் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று மனத்துக்குள் கடைக்காரரைக் கடிந்துகொண்டு, மதுரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினேன். பேலன்சிங் குறையால் வரும் நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கூடி, அந்த வேகத்தை விட்டு இறங்கினால் மறைந்துவிடும். இதுவோ வேகத்தைக் குறைத்த பின்னும் போகவில்லை. மெதுவாகச் செல்லச் செல்ல, இடது முன்பக்கத்திலிருந்து, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு முறை 'டக்' என்ற ஓசையும் சேர்ந்துகொண்டது. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்த பிறகுதான், இது மதுரை வரை தாங்கும் சங்கதி இல்லை என்று உறைத்தது.

ஒரு டீக்கடை முன் நிறுத்தினேன். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நான் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, டயர் பக்கமே பாராமல் நேராக நட்டின் மேல் விரல் வைத்தார். "தம்பி, நட்டு கையிலயே சுத்துது பாருங்க," என்றார். நான்கு நட்டுகளில் இரண்டு கையால் சுழன்றன. மூன்றாவது, ஸ்பேனரை வைத்ததும் எதிர்ப்பே காட்டாமல் நகர்ந்தது. ஒன்று மட்டுமே பிடித்திருந்தது. நட்டு உட்காரும் குழியின் விளிம்பில் அலுமினியம் கறுப்பு மாவாகத் தேய்ந்து, விரலில் மை போல ஒட்டியது. அம்மா இறங்கி வந்து என்னவென்று கேட்டார். காற்று இறங்கிவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

ஓட்டுநரின் யோசனைப்படி அந்த அலாயைக் கழற்றிவிட்டு, டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை மாட்டினோம். அது வண்டியோடு வந்த பழைய இரும்பு ரிம். அதே நான்கு நட்டுகள், அதே எல் ஸ்பேனர், அதே கை. மற்ற மூன்று சக்கரங்களையும் சோதித்தபோது ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. அவற்றையும் இறுக்கிக்கொண்டு, மணிக்கு 40 கிலோமீட்டரில், பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திப் பார்த்தபடி திருச்சிக்கே திரும்பினேன். அலாய் மாட்டிய மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏதாவது ஒரு நட்டு சற்றே இடம் கொடுத்தது. இரும்பு ரிம்மில் இருந்த நான்கும் இம்மியும் அசையவில்லை. பால்பண்ணை அருகே லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்பார்கள். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். "இரும்பு ரிம்ல தளரலையா? அப்போ நட்டு நல்ல நட்டுதான் சார். அதுக்கும் இந்த அலாய்க்கும்தான் ஒத்து வரலை," என்றார், வண்டியைத் தொடாமலே.

என்னுடையது 2011-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. ஹோண்டா தன் கார்களுக்குத் தரும் வீல் நட்டின் அடிப்பாகம், ஒரு பந்திலிருந்து வெட்டி எடுத்த துண்டைப் போல உருண்டையாக இருக்கும். ரிம்மில் அது உட்காரும் குழியும் அதே வளைவில் கிண்ணம் போலக் குடையப்பட்டிருக்கும். வெளிச்சந்தையில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றின் குழி கூம்பு வடிவமானது. 60 டிகிரி கோணம். கூம்புக் குழியில் உருண்டை நட்டை வைத்து முறுக்கினால், பரப்பு முழுவதும் படியாமல், நூல் போன்ற ஒரு வளையத்தில் மட்டுமே இரண்டும் தொட்டுக்கொள்ளும். முறுக்கும்போது கைக்கு நன்றாக இறுகியதாகவே தெரியும். வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த நூல்வளையத்தில் மெத்தென்ற அலுமினியம் நசுங்கி வழிவிட, நட்டு தளர்ந்துவிடும். டொயோட்டா அலாய்கள் பலவற்றில் மூன்றாவது வகை உண்டு. வாஷரோடு சேர்ந்த, தட்டையான அடி கொண்ட நட்டு அது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஆறுமூலை இரும்புத் துண்டுகள்தான். கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். டயர் கடைகளில் உபரி நட்டுகளைப் போட்டு வைக்கும் தகரத் தட்டில் இவை எல்லாம் கலந்தே கிடக்கும்.

மரையிலும் இதே சிக்கல் இருக்கிறது. மாருதி சுசூகி கார்களின் வீல் நட்டும் ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களின் வீல் நட்டும் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கானவையே. (சக்கரம் வந்து உட்காரும் சுழலும் தட்டுதான் ஹப்; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைத்தண்டுதான் ஸ்டட்.) ஆனால் மாருதியில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், மற்ற மூன்றிலும் 1.5. ஒன்றை மற்றொன்றில் ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறி, பிறகு முரண்டு பிடிக்கும். கையால் ஏற்றுபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். காற்றழுத்தத்தால் நட்டை முறுக்கும் ஏர் கன்னுக்கு அந்த முரண்டு ஒரு பொருட்டே இல்லை, அது மரையைச் சீவிக்கொண்டு உள்ளே போய்விடும். எந்த நட்டாக இருந்தாலும் முதலில் விரலால் ஏற்ற வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். விரலால் ஏற்றும்போதே சுற்றுகளை எண்ணிக்கொள்வதும் நல்லது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.5 மரை என்றால் எட்டுச் சுற்று. தடித்த அலாயை மாட்டி, ஆறு சுற்றிலேயே நட்டு முட்டி நின்றால், அந்தச் சக்கரத்தை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

அன்று மேஸ்திரி எனக்கு விளக்கியது இன்றும் மறக்கவில்லை. நட்டும் ஸ்டட்டும் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன, ஆணியில் மாட்டிய சட்டை போல, என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் கூப்பி அழுத்திக்கொண்டு, "இப்போ ஒரு கையை மேல தள்ளுங்க," என்றார். தள்ளினேன், நகரவில்லை. அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, "இப்போ?" என்றார். கை வழுக்கிக்கொண்டு போனது. "நட்டு ஸ்டட்டை இழுக்குது. இழுபட்ட ஸ்டட்டு ரிம்மை ஹப்போட வச்சு அமுக்குது. அந்த அமுக்கத்துலதான் சக்கரம் நிக்குது சார். அமுக்கம் போச்சுன்னா ரிம் வழுக்கும். வழுக்கினா ஸ்டட்டை அறுக்கும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் காரின் கையேடு வீல் நட்டுக்குச் சொல்லும் முறுக்கு (டார்க்) 108 நியூட்டன் மீட்டர். (108 என்றாலே நமக்கெல்லாம் ஆம்புலன்ஸ்தான் நினைவுக்கு வரும், எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.) உலர்ந்த, சுத்தமான 12 மில்லிமீட்டர் மரையில் அந்த முறுக்கைக் கொடுத்தால், ஸ்டட்டில் ஏறத்தாழ நாலரை டன் இழுவிசை உண்டாகிறது, நான்கு ஸ்டட்டுகளுக்கும் சேர்த்து 18 டன். ஒரு சக்கரத்தின் மேல் இறங்கும் வண்டியின் எடையோ முந்நூறு கிலோ அளவுதான். குழியில் இறங்கி ஏறும்போதும், முழு வேகத்தில் பிரேக் போடும்போதும், வளைவில் சாயும்போதும் ரிம் ஹப்பின் மேல் மயிரிழையும் நகரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பெரிய அழுத்தம். அந்த இழுவிசையில் ஸ்டட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தச் சிறு எண்ணை நான் கண்டுகொண்ட பிறகு பல விஷயங்கள் தாமாகவே விளங்கின. ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஒரு பூச்சுப் பெயின்டோ, துருச் செதிலோ, ஒட்டிய சேறோ இருந்து, ஓட்டத்தில் அது நசுங்கினால், அந்த நீட்சியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதோடு அழுத்தமும் பாதியாகிவிடும். நட்டு ஒரு டிகிரிகூடத் திரும்பாமலே தளர முடியும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கூம்பு அடி கொண்ட புதிய நட்டுகளை வாங்கினேன்; குழி தேய்ந்த ஒரு அலாயையும் மாற்றினேன். அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் விராலிமலைப் பயம் உடம்பில் இருந்தது. எல் ஸ்பேனரில் மூன்றடி ஜி.ஐ. குழாயைச் செருகி, நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் இனி ஆண்டவனே வந்தாலும் அசைக்க முடியாது என்கிற அளவுக்கு முறுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நல்லா டைட்டா வைங்க சார்," என்று உற்சாகப்படுத்தினார்.

அந்த உற்சாகத்தின் கணக்கு இது. வண்டியோடு வரும் ஸ்பேனரின் கைப்பிடி சுமார் 30 சென்டிமீட்டர். அதன் முனையில் 37 கிலோ அளவு விசையைக் கொடுத்தால் 108 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவர் காலை ஊன்றிக் கையால் இழுக்கும் விசை அது. எழுபது கிலோ எடையுள்ளவர் அதே ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். குழாயைச் செருகி 90 சென்டிமீட்டர் நீளத்தில் 40 கிலோ விசை கொடுத்தால் 350. தேவைக்கு மூன்று மடங்கு. அந்த நிலையில் ஸ்டட் ரப்பர் போல நீண்டு சுருங்கும் எல்லையைக் கடந்து, நீண்டது நீண்டபடியே நின்றுவிடுகிறது. அதன் பிறகு அது ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கும் வேலையைச் சரிவரச் செய்வதில்லை.

இரண்டு மாதம் கழித்து, நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. பிரேக் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் நட்டுகளை ஒன்றுக்கொன்று ஏறுமாறாக இறுக்கும்போது, ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே சிக்கியிருக்கும் டிஸ்க் இம்மியளவு கோணிக்கொள்கிறது. அது சுழலும்போது ஒரே இடம் திரும்பத் திரும்பப் பிரேக் பேடில் உரசி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்து, டிஸ்க்கின் தடிமன் மாறிவிடுகிறது. லேத்தில் கொடுத்துச் சமன்செய்ய வேண்டியதாயிற்று.

முழுப் பாடம் வந்தது ஐந்தாம் மாதம். புதுக்கோட்டையிலிருந்து இரவில் திரும்புகையில், கீரனூருக்குச் சற்று முன்னால், மழையில், முன் டயர் பஞ்சர். எல் ஸ்பேனரில் ஏறி நின்று குதித்தேன். நட்டு அசையவில்லை, ஸ்பேனர்தான் வளைந்தது. தொலைபேசியில் வரவழைத்த பஞ்சர் கடைக்காரர் நீளமான பைப்போடு வந்தார். இரண்டு நட்டுகள் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. மூன்றாவதை இழுத்தபோது திடீரென்று எதிர்ப்பு குறைந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். நட்டு கையில் வந்தது, உள்ளே பாதி ஸ்டட்டோடு. முறிந்த முகம் மழைத்தண்ணீரில் வெள்ளி போல மின்னியது. சரி, ஸ்டெப்னியையாவது மாட்டலாம் என்று எடுத்தால், அங்கே இன்னொரு பொறி காத்திருந்தது: ஸ்டெப்னி உருண்டைக் குழி கொண்ட இரும்பு ரிம், என்னிடம் இருந்தவையோ கூம்பு நட்டுகள். விராலிமலையில் நடந்தது தலைகீழாக மறுபடி. பழைய உருண்டை நட்டுகள் வீட்டில் ஒரு பெயின்ட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. கடைக்காரர் அங்கேயே அலாய் டயரில் பஞ்சர் ஒட்டி, மூன்று ஸ்டட்டில் அதையே மாட்டிக் கொடுத்தார். செய்யக் கூடாத காரியம்தான். இரவு பத்து மணிக்கு வேறு வழி தெரியவில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன். ஸ்டட்டின் விலை சில நூறு ரூபாய். ஹப்பைப் பிரித்து அதைப் பின்புறமிருந்து அழுத்தி ஏற்றும் கூலி அதைப்போலப் பல மடங்கு. மற்ற ஸ்டட்டுகளும் அதே சித்திரவதையைப் பட்டவைதான் என்பதால் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் மேஸ்திரி, மாற்றினேன்.

அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்; அரை இஞ்ச் டிரைவ், 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. கைப்பிடியைத் திருகி வேண்டிய அளவில் வைத்துவிட்டால், அந்த முறுக்கு வந்ததும் உள்ளே ஒரு சிறு துள்ளலோடு 'க்ளிக்' என்கும். இதிலும் நான் முதல் நாளே ஒரு தவறு செய்தேன். அதில் இரண்டு அளவுகோல்கள் பொறிக்கப்பட்டிருக்கும்; ஒன்று நியூட்டன் மீட்டர், மற்றது அடி பவுண்டு. 108-ஐ அடி பவுண்டுக் கோட்டில் வைத்துவிட்டேன். அது 146 நியூட்டன் மீட்டர். கை சற்று அதிகமாகவே வலிக்கிறதே என்று சந்தேகித்துப் பார்த்ததில் பிடிபட்டது. என் காருக்குச் சரியான எண் அடி பவுண்டில் 80. மீட்டர் கிலோவில் சொன்னால் 11. அவரவர் வண்டிக் கையேட்டில் டயர் மாற்றும் பக்கத்திலேயே இந்த எண் இருக்கும். பக்கத்து வீட்டு வண்டியின் எண்ணை இரவல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது நான் சக்கரம் மாட்டும் முறை பெரும்பாலும் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பிறகே ஜாக்கி ஏற்றுகிறேன். கழற்றியதும் ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்கிறேன். அலாயின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் போடும் வளையம் தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். என் ஹப்பின் நடுமேடு 56.1 மில்லிமீட்டர், அலாயின் துளையோ 73.1, வளையம் இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்கார்ந்ததா என்பதை நட்டுகளின் கூம்பு மட்டுமே தீர்மானிக்க வேண்டியிருக்கும். பிறகு நான்கு நட்டுகளையும் விரலால் முழுவதும் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்குக் குறுக்காக, கைப்பதமாக இறுக்குவேன். இந்தக் கட்டத்தில் ஒரு கையால் டயரை லேசாக அசைத்துக்கொண்டே இறுக்கினால், கூம்பு குழிக்குள் இறங்கி உட்காருவது விரலுக்கே தெரியும். டயர் தரையைத் தொட்டு, சுழலாத அளவுக்கு மட்டும் ஜாக்கியை இறக்கி, முதலில் 60, பிறகு 108 என்று இரண்டு நடையாக முறுக்குகிறேன். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக. ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்று. வட்டமாக அடுத்தடுத்து மட்டும் போவதே இல்லை.

ரெஞ்சைச் சீராக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் க்ளிக் வருவதற்குள் முறுக்கு தாண்டிவிடும். க்ளிக் கேட்டதும் கை நிற்க வேண்டும். பாதுகாப்புக்கு இன்னொரு க்ளிக் என்று ஆசைப்படுவதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஒவ்வொரு கூடுதல் க்ளிக்கும் நட்டைச் சற்று நகர்த்தக்கூடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைத்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் களைக்காது. நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சைப் பயன்படுத்துவதில்லை. அதற்குச் சாதாரண ஸ்பேனரே போதும்.

மரைக்கு எண்ணெய் விடலாமா என்பதில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கட்சி உண்டு. அடுத்த முறை கழற்றச் சுலபமாக இருக்கும் என்று கிரீஸைத் தடவும் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது. மற்ற ஒன்பது பங்கும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகச் செலவழிகிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்துவிட்டால், மிச்சப்பட்டதெல்லாம் ஸ்டட்டை இழுக்கப் போய்விடும். அதே 108-இல் நாலரை டன் ஆறரை டன்னுக்கு ஏறிவிடக்கூடும். க்ளிக் மட்டும் வழக்கம்போலவே கேட்கும். கையேட்டு எண் உலர்ந்த மரைக்கானது என்றால் மரையை உலர்ந்தே வைக்க வேண்டும். லாரி நட்டுகளில் சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே ஒரு துளி எண்ணெய் விடச் சொல்வதுண்டு. அங்கே எண்ணும் அதற்கேற்பக் குறிக்கப்பட்டிருக்கும். கிரீஸ் வைக்கத் தோதான இடம் ஹப்பின் நடுமேடு. அங்கே ரிம் துருவோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெல்லிய பூச்சாகத் தடவலாம், முகத்தில் படாமல்.

புதிதாக மாட்டிய சக்கரத்தை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி பார்ப்பதை நான் தவறவிடுவதில்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போது, ரெஞ்சை அதே 108-இல் வைத்து ஒவ்வொரு நட்டையும் இழுப்பேன். அசையாமல் க்ளிக் என்றால் சரி. புது அலாயில் முதல் முறை சிறிது நகர்வது இயல்பு; பெயின்ட் நசுங்கி இடம் பிடித்திருக்கும். இரண்டாம் முறையும் அதே நட்டு நகர்ந்தால் கழற்றி, குழி, மரை, நட்டு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மறுபடி இறுக்கிவிட்டுப் போவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது போன்றது.

மேஸ்திரியின் பட்டறையில் லாரிச் சக்கரம் மாட்டுவதைப் பார்ப்பது தனி அனுபவம். பத்து ஸ்டட், ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர், முறுக்கு 600-க்கு மேல். பின் சக்கரம் இரட்டையாக இருப்பதால் ஹப்புக்கும் நட்டுக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டாக ரிம்களின் முகங்கள். எந்த முகத்தில் துருச் செதில் இருந்தாலும் அழுத்தம் கரையும். பழைய லாரிகள் சிலவற்றின் இடப்பக்க நட்டுகள் எதிர்மரை கொண்டவை. அது தெரியாமல் கழற்றுவதாக எண்ணி இறுக்கியே ஸ்டட்டை முறித்த கிளீனர்களின் கதைகள் அங்கே ஏராளம். விடிகாலையில் வண்டி எடுக்கும் முன் மூத்த ஓட்டுநர்கள் சிலர் இரும்புக் கம்பியால் நட்டுகளைத் தட்டிக்கொண்டே வருவார்கள். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் தரும். நட்டைச் சுற்றி ரிம்மில் துருக்கோடுகள் விசிறி போல வழிந்திருந்தால் அதுவும் அடையாளம்தான். பேருந்துகளில் நட்டின் மேல் அம்புமுனை போன்ற மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனைகளின் நேர் விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். காருக்கு அதே வேலையை ஒரு கோடு பெயின்ட் செய்யும். ஆனால் நான் முன்பு சொன்னதுபோல நட்டு திரும்பாமலே அழுத்தம் போகலாம் என்பதால், கோடு நேராக இருப்பதை மட்டும் நம்பி ரெஞ்சை மறந்துவிட மாட்டேன்.

டயர் கடையில் ஏர் கன்னைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு நாளைக்கு முப்பது வண்டி பார்க்கும் பையனுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அந்தக் கன்கள் 500 நியூட்டன் மீட்டரை அலட்சியமாகத் தாண்டக்கூடியவை, கம்ப்ரசரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காலையில் ஒரு முறுக்கும் மாலையில் ஒரு முறுக்கும் தருபவை. "தம்பி, கழட்டுறதுக்கு கன் வச்சுக்கோங்க, மாட்டும்போது கையால ஏத்தி லேசா இறுக்குங்க போதும், கடைசி முறுக்கு நான் போட்டுக்கிறேன்," என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை மிச்சம் என்பதால் யாரும் இதுவரை மறுத்ததில்லை. ஒரு பையன் ரெஞ்சை வாங்கித் தானே நான்கு சக்கரங்களையும் முறுக்கிவிட்டு, அந்தக் க்ளிக் பிடித்துப்போய், பக்கத்தில் நின்ற வேறொருவர் காருக்கும் போட்டுப் பார்க்கப் போனான்; அந்த வண்டியின் எண் என்ன என்று கேட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

கீரனூர் இரவுக்குப் பிறகு, பழைய உருண்டை நட்டுகள் நான்கையும் ஒரு துணிப்பையில் கட்டி, 'ஸ்டெப்னிக்கு மட்டும்' என்று எழுதி, ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மைத்துனன் காரை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனான். மேலூர் அருகே பஞ்சர். "மாமா, நட்டு ரெண்டு வகையா இருக்கே, எதைப் போடுறது?" என்று அழைத்தான். ஸ்டெப்னிக்குப் பையில் இருப்பதைப் போடு, குறுக்குக் குறுக்காக இறுக்கு, ஸ்பேனரைக் கையால் இழு, காலால் மிதிக்காதே என்று சொன்னேன். இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்தான். அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். முதல் மூன்று நட்டுகளும் அசையாமல் க்ளிக் என்றன; கையால் இழுத்த கணக்கு சரியாகவே இருந்தது. நான்காவது கால் சுற்று நகர்ந்த பிறகே க்ளிக் என்றது. சந்தேகப்பட்டுக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன்; அடி கூம்பாக இருந்தது. டிக்கி விரிப்பைத் தூக்கினால், துணிப்பையின் மூலையில் நான்காவது உருண்டை நட்டு அப்படியே கிடந்தது.